சீசனில் தோற்ற மாமா

கொடைக்கானலில் அறுபதுகளின் தொடக்கத்திலேயே பேஸ்பால் ஆடினார்கள் என்று சொன்னால் மதுரையில் என் புகுந்த வீட்டார் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோடைக்கு மலையேறி வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கொண்டுவந்த ஆட்டம் அது. அவர்கள் வீட்டுச் சமையல்காரர்களும் தோட்டக்காரர்களும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பிறகு பஸ் கிளீனர்கள், கடைப் பையன்கள், பூண்டியிலிருந்து காய்கறி லாரியில் வரும் ஆட்கள் என்று ஆளாளுக்குச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆடினார்கள். அதற்கென்று ஒரு சங்கமும் இருந்தது. சங்கம் என்றால் மூன்று பேர்: தலைவர் ஓட்டல் முதலாளி, செயலாளர் தபால்காரர், பொருளாளர் என் அப்பா. அப்பா பேக்கரி வைத்திருந்தார். நாங்கள் சுடும் ரொட்டியில் பாதிக்கு மேல் முதலாளியின் ஓட்டலுக்குத்தான் போகும்.

அந்த ஆட்டத்தில் பந்து வீசுகிறவர்தான் ராஜா மாதிரி. எங்கள் ஊர் ராஜா என் தாய்மாமா. அம்மாவின் ஒரே தம்பி. மாமாவின் பந்து நேராக வருவதுபோல் வந்து, மட்டைக்காரன் அடிக்கப் போகும் நேரத்தில் சட்டென்று கீழே இறங்கும். மட்டை காற்றைத்தான் அடிக்கும். ஜூன் மழையிலும் மார்கழிப் பனியிலும் மாமா தோற்று நான் பார்த்ததில்லை. பாவி மனிதர், மே மாதம் வந்தால் மட்டும் கவிழ்ந்துவிடுவார்.

மே மாதத்தில்தான் கோப்பைக்கான ஆட்டம். சீசனுக்கு வந்திருக்கும் வெள்ளைக்கார வாலிபர்களோடு எங்கள் ஆட்கள் மோதுவார்கள். ஊரே திரண்டு நிற்கும். மாமா போடும் பந்து தரையில் விழும், இல்லையென்றால் மட்டைக்காரனின் தலைக்கு மேல் போகும். இறங்க வேண்டிய பந்து இறங்காமல், அடித்துக்கொள் என்று நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். வருஷா வருஷம் இதே கூத்து. பெரிய கூட்டத்தைப் பார்த்தால் பயந்துவிடுகிறார் என்றார்கள். ‘மார்கழிச் சூரன்’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னையும் ‘ஏய், சூரன் மருமகளே’ என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரைக் கிள்ளி வைத்தேன்.

மாமாவுக்கு வேலை அந்த முதலாளியின் ஓட்டலில்தான். குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிற காலம் அல்ல அது. பின்கட்டில் விறகு அடுப்பில் காய்ச்சி, இரண்டு கையிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, சரிவுப் படியேறி அறை அறையாகக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். சீசனில் எல்லா அறையும் நிரம்பியிருக்கும். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் குளிருக்குப் பயந்து வேளைக்கு ஒரு வாளி கேட்பார்கள். அந்த நாட்களில் மாமா வீட்டுக்கு வந்தால் தட்டின் முன்னால் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அம்மா பிசைந்து ஊட்டிவிடுவாள். எனக்கே ஊட்டாத அம்மா இத்தனை பெரிய ஆளுக்கு ஊட்டுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் கோப்பை ஆட்டம் முடிந்த கையோடு, ஜூன் மாதம், மாமா ஆட்டத்தை விடும்படி ஆயிற்று. பழனியில் பெண் முடிவாகியிருந்தது. மாமனாருக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. கல்யாணம் முடிந்ததும் அங்கேயே போய்க் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. சங்கத்தில் ஒரு பலகை உண்டு. ஆட்டத்தை விட்டுப் போகிறவர்களில் சிறந்தவர்கள் என்று சங்கம் முடிவு செய்தால் அதில் பொன்னிறத்தில் பெயர் எழுதுவார்கள். மாமா வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

“அக்கா, பழனிக்குப் போயிட்டா என்னைய யாரு இங்க நெனைக்கப் போறா? அந்தப் பலகையில பேரு கெடந்தாப் போதும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

சங்கத்தின் கூட்டம் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. நான் அப்பாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் கை என் தோள்மேல் இருந்தது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

தபால்காரர்தான் ஆரம்பித்தார். “வருசம் பூரா ஜெயிச்சுக் கொடுத்தவருங்க. வருசம் பூரா சோறு போட்டவ தீபாவளிக்குப் பலகாரம் சுடலைன்னா, சோறே போடலைன்னு சொல்லிருவமா?”

முதலாளி சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு எப்போது பார்த்தாலும் பிஸ்கட் கொடுப்பார். “பலகாரம் இல்லைங்க, பரீட்சை. வருசம் பூராப் படிச்சவன் பரீட்சையில கோட்டைவிட்டா என்ன மார்க்குப் போடுவீங்க? நான் ஒண்ணும் அவனுக்கு விரோதி இல்லை. நம்ம ஓட்டல்ல அவனை மாதிரி சோலி பார்க்க ஆளே கெடையாது. இந்த சீசன்ல ஒரு ரூமுக்காவது வெந்நி லேட்டாச்சா? கேட்டுப் பாருங்க. ஆனா ஆட்டம்னு வந்தா நெஞ்சுல தெம்பு வேணும். அது அவன்கிட்ட இல்லை.”

“அந்த வெந்நி என்ன, தானா நடந்தா ரூமுக்குப் போச்சு?” என்றாள் அம்மா.

ஆண்கள் பேசும் இடத்தில் அம்மா வாய் திறந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளிக்குக் கோபமெல்லாம் வரவில்லை. “அது சோலி, இது ஆட்டம். ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாதும்மா” என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பந்தைப் பற்றிப் பேசும்போது வெந்நீரைப் பற்றி என்ன பேச்சு?

பெயர் எழுதலாம் என்று தபால்காரர் கை தூக்கினார். வேண்டாம் என்று முதலாளி தூக்கினார். பிறகு இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். அப்பா காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன, நீங்க நம்ம பக்கந்தானே?” என்று முதலாளி இயல்பாகக் கேட்டார். என் தோள்மேல் இருந்த கை மெதுவாக மேலே போனது.

அம்மா உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து பின்பக்கம் ஓடினேன். மாமா பேக்கரி அடுப்படியில், ஓட்டலுக்குப் போக வேண்டிய ரொட்டிக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிடுவார்கள் என்று நினைத்துத் தலைக்கு எண்ணெய் தடவி வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். கரி ஒட்டிவிடும் என்று சுவரில் சாயாமல் விறைப்பாக நின்றார்.

“பேரு எழுத மாட்டாங்களாம் மாமா.”

“யாரு யாரு வேண்டாம்னாங்க?” என்றார்.

“ஓட்டல் முதலாளி. அப்புறம் அப்பா.”

அழுவார் என்று பயந்தேன். இல்லையென்றால் உள்ளே போய்ச் சண்டை போடுவார், நானும் கூடப் போகலாம் என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி, சுருக்கம் விழாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

“வெரசா உங்கம்மாகிட்டப் போ. இருக்கிற கோவத்துல மச்சானுக்கு ராத்திரி சோறு போடாம இருந்துறப் போறா. நான் சொன்னேன்னு சொல்லு. பாவம் அவரு.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோற்றது இவர், பலகையில் பெயர் இல்லாமல் ஊரைவிட்டுப் போகப்போகிறவரும் இவர். இதில் பாவம் எப்படி அப்பா ஆனார்? நான் அம்மாவிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை.