ராஜாத்தியின் வஞ்சிரமும் ஃப்ளெக்ஸ் கழுகும்

லைட்ஹவுஸ் குப்பத்தில் பறவைகளுக்கும் அந்தஸ்து உண்டு. காக்காய் வந்தால் செருப்பு பறக்கும். கரும்பருந்து வந்தால் கல். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகக் கருடன் வந்தால் மட்டும் ஊரே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மூன்றும் திருடுவது எங்கள் கருவாட்டைத்தான்.

இந்த அநியாயத்தை வாய்விட்டுக் கேட்கிற ஒரே ஆள், என் பக்கத்து வீட்டு ராஜாத்தி. கருவாடு போடுகிறவள். "பெருமாளு சுத்த சைவம். அவரு வண்டிக்கு மட்டும் இன்னாத்துக்கு மீனு?" என்பாள். அவள் புருஷன் லோகநாதன் காதைப் பொத்திக்கொள்வார். மனுஷன் பரம பக்தர்.

போன மாசம், மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த மகள் திவ்யாவுக்கு மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "யம்மா, நீ போட்ட வஞ்சிரக் கருவாடு இருந்தா ரெண்டு வாய் சோறு உள்ள போகும்" என்று போனில் அழுதாள். கடல் மோசமாக இருந்த நேரம். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வஞ்சிரம் வாங்கி, துண்டு போட்டு, உப்பில் ஊறவைத்து வெயிலில் பரப்பினாள் ராஜாத்தி. மேலே வலை போட்டு மூடினால் காற்றாடாமல் புழு வைக்கும் என்பது அவள் கட்சி. அதனால் லோகநாதனைக் காவல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.

திரும்பி வந்தால், இவர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். கருடன் சாவகாசமாகத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. பாதி காலி.

"யோவ், உன்ன காவலுக்கு வெச்சனா, பந்தி பரிமாற வெச்சனா?"

விஷயம் கேட்டு மருமகன் அஜித்குமார் மறுநாளே பைக்கில் வந்தான், கக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸோடு. விரித்தால் ஆள் உயரத்துக்கு ஒரு கழுகு.

"அத்தே, இது பொன்னாங்கழுகு. இமயமலைல கீது. ஓநாயக்கூட அடிக்குமாம். இத பாத்தா மத்ததெல்லாம் கிட்டயே வராது."

கம்பு நட்டுக் கட்டினான். கருடன் வந்தது. ஃப்ளெக்ஸ் கழுகின் தலைமேல் உட்கார்ந்து, கண்ணிலேயே எச்சமிட்டு, கீழே இறங்கிச் சாப்பிட ஆரம்பித்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். ராஜாத்தி சிரிக்கவில்லை. மிஞ்சியிருந்த கடைசித் துண்டையும் அது தூக்கியபோது அவள் கல்லை எடுத்துவிட்டாள். அதுவும் பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமை.

லோகநாதன் கையைப் பிடித்தார். "வேணாண்டி, பாவம் சுத்தும்!"

"அங்க எம்பொண்ணு வெறும் வயித்தோட குடல கக்குறா. அது பாவமா தெரியல உனக்கு?" கையை உதறி வீசினாள். கல் படவில்லை. ஆனால் பயத்தில் கருடன் துண்டை நழுவவிட்டது.

மண்ணைக் கழுவி, மறுபடி காயவைத்து, தானே பஸ் ஏறிப் போனாள். வறுத்த வாசனைக்கே திவ்யா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கிண்ணம் சோறு போனது, வாந்தி வரவில்லை.

"இன்னாம்மா, ஒரே துண்டுதானா? ஓரத்துல கொத்துன மாதிரி வேற கீது."

ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெருமாளு பிரசாதம்டி. கேள்வி கேக்காம துன்னு."