நடுவில் நிற்பவருக்கு நண்டுக் குழம்பு கிடையாது

என் அம்மா வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பியதாகச் சரித்திரமே இல்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கே மீன் வறுத்துக் கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் அந்த வழக்கறிஞருக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை என்றதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வந்தவர் சாதாரண ஆளில்லை. பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிய தண்ணீரில் இனி யாரும் வலை விடக்கூடாது என்று அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. சட்டமன்றத்தில் சட்டம் எதுவும் வரவில்லை, வெறும் ஆணைதான். சட்டமே இல்லாமல் ஒருவர் பிழைப்பை நிர்வாகம் நிறுத்திவிட முடியுமா என்று கேட்டு எங்கள் ஊரே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஊருக்காக வாதாடிய சீனியரிடம் நான் ஜூனியர். எந்தத் தரப்பையும் சாராமல் நீதிமன்றத்துக்கு உதவ ஒரு மூத்த வழக்கறிஞரை அமிக்கஸாக நியமித்தார்கள். அந்த அம்மையாரோ, ஏரியை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

யார் எங்கே வலை விடுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த வருட மழை முடிந்ததும் முகத்துவாரப் பாடு எங்கள் நைனாவுக்கு விழுந்திருந்தது. வீட்டில் எல்லோரும் அந்த இறாலைத்தான் நம்பியிருந்தோம்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் வீட்டு நண்டுக் குழம்பின் வாசனை தெருமுனை வரை வந்தது. அம்மையார் வீடு வீடாகப் போனார். எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்களே தவிர, ஒருவரும் சாப்பிடச் சொல்லவில்லை. படகேறப் போகும்போது, வழியனுப்ப வந்த எங்களிடம் அவர் கேட்டேவிட்டார்.

"உங்க ஊருக்கு என்மேல அப்படி என்ன கோபம்?"

நான் அம்மாவை முறைத்தேன்.

"கோவமா? இன்னாம்மா நீ!" என்றாள் அம்மா. "பஞ்சாயத்துல நடுவுல நிக்கறவங்க எந்த ஊட்டுலயும் கை நனைக்கக் கூடாது. பாடு தகராறு தீக்க வர்ற வெளியூர்க்காரரும் கட்டுச்சோறோடதான் வருவாரு. இல்லாங்காட்டி, துன்ன சோத்துக்குப் பேசிட்டாருனு தோத்தவன் சொல்வான்ல?"

"பாடு தகராறுக்குக்கூட விதி இருக்கா?"

"பின்ன?"

அம்மையார் படகுக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முறை மீறினால் என்ன தண்டனை, வலை கிழிந்தவனுக்கு மறு முறை உண்டா என்று கேள்விமேல் கேள்வி. அம்மா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

விசாரணை நாளில் அரசுத் தரப்பு அடித்துச் சொன்னது: "அந்தத் தண்ணீருக்கு எந்த விதியும் இல்லை. விதி இல்லாத இடத்தில் ஆணை போட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு."

அமிக்கஸ் எழுந்தார். "அந்த இடம் காலியாக இல்லை. சட்டத்தின் வலு உள்ள வழக்கத்தையும் சட்டம் என்றே அரசியல் சாசனம் சொல்கிறது. அந்த ஊரில் வழக்கம் எவ்வளவு உறுதி என்பதற்கு என் வயிறே சாட்சி. பட்டினி போட்டு அனுப்பினார்கள்."

நீதிபதி சிரித்தேவிட்டார்.

ஆணை ரத்தானது. தீர்ப்பைக் கேட்டதும் வராண்டாவுக்கு ஓடி வந்து போன் போட்டேன்.

"ஜெயிச்சுட்டோம்மா! நைனாவ வலைய எடுக்கச் சொல்லு!"

நான் கத்திய கத்தலில் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் அம்மா என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். "அந்தம்மாவ இட்டுனு வாடி! நண்டு ஆக்கி வைக்கறேன்!"

"சரிம்மா. ஆனா அரசு அப்பீல் போவும்னு சொல்றாங்க."



"அங்கயும் அந்தம்மாதான் நடுவுல நிக்குமா?"

"நிக்கலாம்."

"அப்ப இட்டுனு வராத," என்றாள் அம்மா. "பசியோடவே இருக்கட்டும்."