பாய் ஒட்டிய பஞ்சர்

கள்ளக்குறிச்சியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். "எதிர்க்கடை பாய் ஒட்டின பஞ்சர் பக்கத்துல இருக்கிற கச்சிராபாளையம்கூடத் தாண்டாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன்.

போன வருடம் கழுத்துக் கட்டியை அறுத்தபோது ரத்தக் குழாயில் காற்று புகுந்துவிட்டது. அதன்பின் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருந்ததாம். கண் விழித்து இதைக் கேள்விப்பட்டதும் டாக்டரிடம் கேட்டேன்: "காத்து அடிக்கிறது என் தொழிலுங்க. எனக்கே அடிச்சிட்டீங்களே?"

மனைவி அதட்டினாள். "சும்மா கெட! எதிர்க்கடை பாய்தான் ஆளுங்கள இட்டுகினு வந்து ரத்தம் குடுத்தாரு. அத ஏத்தினப்புறம்தான் கசிவே நின்னுச்சு."

இப்போது மலைக்குப் போகும் வண்டிக்காரர்களிடம் கழுத்துத் தழும்பைக் காட்டுகிறேன். "பாய் ஒட்டின பஞ்சர். மலை மேல வெள்ளிமலை வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன், நிக்குது."

பாயிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.