நிலாவின் ஸ்பாட்லைட்

எங்கள் ஏலக்காய்க் கடையில் மீட்டிங் என்றால் ஹோஸ்ட் நான்தான். லிங்க் அனுப்புவது, வெயிட்டிங் ரூமில் நிற்பவர்களை உள்ளே விடுவது, “அண்ணே, மியூட்ல இருக்கீங்க” என்று கத்துவது எல்லாம் என் தலையில். போடி வியாபாரிகளுக்குத் தாங்கள் மியூட்டில் இருப்பது தெரியாது. அன்மியூட் செய்துவிட்டால் நிறுத்தவும் தெரியாது.

நிலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஒன்பது வருடமாகச் சிலமலையிலிருந்து பஸ்சில் வந்து, வெடித்த காய், வெளுத்த காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறாள். மூட்டைகளைத் தைப்பதும் அவள்தான். அவளும் அவள் அம்மாவும் சாப்பிடுவது இந்தச் சம்பளத்தில்.

போன மாதம் சென்னை வியாபாரி மனோஜ், முதல் தரத்தில் வெளுத்த காய் கலந்திருப்பதாகப் புகார் செய்தார். குரங்கணித் தோட்டத்திலிருந்த முதலாளி ஜக்கையன் உடனே போன் போட்டார்.

“சுருளிவேலு, நாளையிலருந்து அந்தப் புள்ளைய வர வேணாம்னு சொல்லீரு.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “ஒரு மீட்டிங் போடுறேன் மொதலாளி. அவளையும் கேட்டுட்டு அனுப்புங்க.”

காய் பொறுக்கும் கூடத்தில் கடை போனை நிலா முன் நிறுத்தி, விஷயத்தைச் சைகையில் சொன்னேன். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மனோஜ் திரையில் அந்த மூட்டையைக் காட்டினார். நிலாவின் கைகள் பரபரத்தன. யார் பார்த்தார்கள்? சத்தம் போடுபவரைத்தான் இந்த மென்பொருள் பெரிதாகக் காட்டும். முதலாளியும் மனோஜும் மாறி மாறிக் கத்த, அவள் மூலைக் கட்டத்தில் கிடந்தாள். அவளை ‘பின்’ செய்தேன். என் திரையில் மட்டும் பெரிதானாள். கடைசியில் எல்லாரையும் மியூட் செய்து, அவளுக்கு ஸ்பாட்லைட் கொடுத்தேன்.

எல்லார் திரையிலும் நிலா. அப்படி ஓர் அமைதியை எங்கள் மீட்டிங்கில் நான் கண்டதே இல்லை.

தன் பக்கத்து மூட்டையைத் தூக்கி, அதன் வாயில் இரட்டைச் சணலில் ஓடிய தையலைக் காட்டினாள். பிறகு மனோஜின் மூட்டையைச் சுட்டி ஒற்றை விரல் நீட்டினாள். இரண்டு பேர் அரை மணி நேரம் கத்தியதில் தெரியாததை, அவள் ஒரு பார்வையில் கண்டிருந்தாள்.

“அந்த மூட்டைய இவ தைக்கல. இவ ரெட்டைச் சணல்லதான் தைப்பா, அதுல ஒத்தைதான் இருக்கு” என்று என் மைக்கை மட்டும் திறந்து சொல்லிவிட்டு மறுபடி மியூட்டில் போனேன்.

மனோஜ் எழுந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார். நான் அவர்கள் இருவரையும் அன்மியூட் செய்ததும் மெதுவாகச் சொன்னார். “எங்க குடோன்லதான் மூட்டையப் பிரிச்சுக் கலந்து, மறுபடி தச்சிருக்காங்க. மன்னிச்சுக்கங்க.”

முதலாளி தொண்டையைச் செருமி, நாளைக்கு வா என்று நிலாவிடம் கையாட்டினார். அவள் தலையாட்டவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, அவரைச் சுட்டி, கையை விரித்துக் காட்டினாள். ‘என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?’ என்று அதற்கு அர்த்தம்.

“என்னப்பா சொல்றா?” என்றார்.

நான் என் மியூட்டை எடுக்கவில்லை. அவளையே பார்த்த முதலாளி, தலையைக் குனிந்துகொண்டார்.