மீன் வாசம் அடித்த நீல டிரம்

போன வருடம் பூண்டு நட்டிருந்த சமயம். எங்கள் ஊர் கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைக்க இங்கே எல்லோரும் பழைய நீல டிரம்தான் வாங்குவோம். கீழேயிருந்து வேனில் கொண்டுவரும் வியாபாரியிடம் நானும் ஒன்று வாங்கினேன். மூடியைத் திறந்தால் மீன் நாற்றம். அடியில் ஏதோ கொஞ்சம் கிடந்தது.

"மீன் அமிலம் இருந்ததுண்ணே. கழுவக்கூட வேணாம். அடியில கெடக்குறத பூண்டுக்கு ஊத்துங்க, சும்மா எந்திரிச்சு நிக்கும்" என்றான்.

மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பது எங்கள் பழக்கம். எங்களுக்கு அது நல்ல நாற்றம். நம்பினேன்.

என் மனைவி டிரம்மைச் சாய்த்து வாளியில் ஊற்றினாள். தெறித்து வலது கண்ணில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மொளகா மாதிரி இல்லைங்க. வேகுது" என்றாள்.

ரோட்டோரம் காரை நிறுத்திக் கேரட் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். நாற்றம் பிடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பாத்தியில் ஓடிக்கொண்டிருந்த ஹோஸைப் பிடுங்கி அவள் கண்ணில் தண்ணீர் விட்டார்.

"எரிஞ்சாலும் கண்ண மூடாதீங்கம்மா."

ஆஸ்பத்திரிக்கு வெரசா போவோம் என்றேன். "மொதல்ல தண்ணி" என்றார். நெடுநேரம் விடவில்லை. பிறகு அவர் காரிலேயே கொண்டுபோனார். உடனே கழுவியதால்தான் கண் தப்பியது என்றார் டாக்டர்.

காரில் கொண்டுவந்தவர் ஒரு கேஸ் ஆலையில் வேலை பார்ப்பவர். கேஸில் கலந்திருக்கும் கரியமில வாயுவைப் பிரிக்க, அதை ஒரு மருந்துத் தண்ணீருக்குள் விடுவார்களாம். தண்ணீர் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சினால் விட்டுவிடும். திரும்ப அதையே ஓட்டுவார்கள். கெட்டுப்போனால் முறைப்படி அழிக்க வேண்டும். அதுவும் மீன் மாதிரியேதான் நாறுமாம்.

"இது அந்தத் தண்ணிதாங்க. இந்த டிரம்ம வெளிய விக்கவே கூடாது" என்றார். மிச்சத்தை அவரே கேனில் அடைத்து எடுத்துப்போனார்.

மறு வாரம் வியாபாரி வந்தான். கேட்டேன்.

"எனக்கென்னண்ணே தெரியும்? மீன் வாசம் அடிச்சுச்சு, மீனுன்னேன். டிரம்மக் குடுங்க, வேற தாரேன். பேத்துப்பாறைல ஒருத்தர் டிரம் வேணும்னு கேட்டுக்கிட்டே கெடக்காரு."

கடப்பாரையை எடுத்தேன். அவன் கண் முன்னாலேயே டிரம்மைக் குத்தி ஓட்டை போட்டேன்.

"ஏலே, இப்ப வித்துப் பாரு" என்றேன்.

என் மனைவி இன்றும் வெயிலில் வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் களை எடுக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த டிரம்மை ஆலை வாசல் தாண்ட விட்டவன் யாரென்று தெரியாமலே அவன் மேல் கோபம் வருகிறது, அது ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.