வயசு போனவர்களைக் கேட்டுப் போட்ட எல்லைக்கல்

நில அளவையாளருக்குத் தேத்தண்ணி கிடைப்பது அளக்க முதல்தான். அளந்த பிறகு இரண்டு வீட்டிலும் பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. எல்லைச் சண்டையில் நடுவில் நின்றிருந்தால் உங்களுக்கும் இது தெரியும். போர் ஓய்ந்து மன்னாருக்குச் சனம் திரும்பிய காலத்தில், நான் அளக்கப் போன இடங்களில் வேலியும் இல்லை, மரமும் இல்லை. "வயசு போன ஆக்களைக் கேளுங்கோ, அவைக்குத்தான் விளங்கும்" என்றார்கள். கேட்டேன்.

பூவரசு

விடத்தல்தீவில், பக்கத்துக் காணிக்காரர் இருவரும் ஊரில் மூத்தவரான சூசை அப்புவைச் சாட்சியாக ஏற்றார்கள். எல்லை அதிலேதான் என்று நினைத்து, பழைய பூவரசு எங்கே நின்றது என்று கேட்டேன். பற்றைக்குள் நேரே நடந்துபோய்த் தடியை ஊன்றினார். தோண்டினோம், வேர் வந்தது. எல்லாரும் மலைத்துப் போனோம். நான் கல் நட்டு, சீமெந்து பூசி முடிக்கும்வரை அப்பு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் இதிலைதான் நிண்டது, தம்பி. வேலி அங்காலை. நீங்கள் வேலியைக் கேக்கேல்லையே."

சேலை

எருக்கலம்பிட்டியில் காசிம் நானாவும் மன்சூர் நானாவும் எழுபது தாண்டிய அயலவர்கள். ஒன்றாக ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் ஒரே கொட்டிலில் வருசக்கணக்காக இருந்தவர்கள். திரும்பி வந்ததும் ஒரு முழ நிலத்துக்காக ஸலாம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். நான் எங்கே கல்லை வைத்தாலும் ஒருவர் தலையாட்டினார், மற்றவர் பிடுங்கினார். கடைசியில் கல் நின்றது, காசிம் நானாவின் மனைவி வாசலில் வந்து நின்று சொன்னதால்தான்.

"புத்தளத்திலை ரெண்டு குடும்பத்துக்கும் நடுவிலை என்ரை சேலையைக் கட்டித்தான் மறைச்சிருந்தனாங்கள். நல்லகாலம், அதை அங்கையே விட்டிட்டு வந்தனான். இல்லாட்டி அதுக்கும் கல்லுப் போடச் சொல்லுவினம்."

குசினி

திருக்கேதீஸ்வரப் பக்கம், மனோன்மணி அக்கா இந்தியாவில் முகாமிலிருந்து திரும்பியவ. அளந்து பார்த்தால், பக்கத்து வீட்டார் புதிதாக அடுப்பு வைத்துக் கட்டிய குசினி அவவின் காணிக்குள் நிற்கிறது. மாங்கொப்பு ஒன்று மதில் தாண்டியதற்காக, இளவயதில் இதே வீட்டார் மேல் வழக்குப் போட்டுக் கோட்டுக்கு ஏற்றியவ அவ.

குசினியைச் சுற்றி வந்தா. சுவரைத் தட்டிப் பார்த்தா. "இருக்கட்டும், கல்லை இஞ்சாலை போடுங்கோ" என்றா. வீட்டுக்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. "வயது மனிசரை எவ்வளவு பக்குவப்படுத்துகிறது, அக்கா" என்றேன்.

"பக்குவமோ? கோட்டுக்கு நடக்கக் கால் ஏலாது, தம்பி."

எனக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. புத்தி கூடியிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன், அவ உடுப்புக் காயப்போட எழும்பிப் போய்விட்டா.