கோப்பாய்ச் செல்வரட்ணத்தார் நத்தை வளர்த்த வரலாறு

“என்ரை வேலிக்குள்ளை வந்த நத்தை ஒண்டும் மற்ற நாள் சூரியனைக் கண்டதில்லை. எனக்கு எல்லா நத்தையும் ஒண்டுதான். உப்புப் போடேக்கை நான் முகம் பாக்கிறேல்லை.”

கோப்பாய்ச் செல்வரட்ணத்தார் இந்த மூன்று வசனங்களையும் கமக்காரர் அமைப்பின் பொதுக்கூட்டத்தில், புரட்டாதிக் கடைசியில், ஒலிவாங்கி இல்லாமலே சொன்னார். ஒலிவாங்கி இருந்தது. அவருக்குத்தான் அது தேவைப்படவில்லை. நத்தைக்கு முகம் எந்தப் பக்கம் என்று கேட்கப் பின்வரிசையில் ஒருவர் வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் தொடையில் கிள்ளி அடக்கிவிட்டார். செயலாளர் வாகீசன் எழுந்து, இப்படிப்பட்ட ஒருவரை விட்டால் இந்த ஊருக்கு வேறு கதியில்லை என்றான். செல்வரட்ணத்தார் நத்தை ஒழிப்புக் குழுவின் தலைவரானார்.

ஒழிப்பு அவருக்குப் புதிதல்ல. வயது அறுபத்துநாலு, பத்துப் பரப்புச் செம்மண் தோட்டம், கத்தரி, பயிற்றை, வெண்டி. இவை போக, கட்டாக்காலி மாடு ஒழிப்பு, பார்த்தீனியம் ஒழிப்பு, விடியப்புற ஒலிபெருக்கி ஒழிப்பு என்று ஊரில் ஒழிப்பில் முடிகிற அத்தனை குழுவிலும் தலைமை வகித்தவர். கட்டாக்காலி மாடும் பார்த்தீனியமும் ஒலிபெருக்கியும் இன்றைக்கும் சுகமாய் இருக்கின்றன. அது அவருடைய பிழையல்ல. அவர் தன்னுடைய பங்குக்குப் பேச வேண்டியதையெல்லாம் பேசியிருந்தார்.

நத்தை விஷயத்தில் மட்டும் பேச்சுக்குப் பின்னால் உண்மையான கோபம் இருந்தது. மாரி தொடங்கினால் குழந்தைப்பிள்ளையின் கைமுட்டி அளவில் அவை வரும். ஆபிரிக்க நத்தை என்று கமநலப் பெரியவர்கள் சொன்னார்கள். போன வருடம் ஒரே மழையில் இரண்டு பாத்திக் கத்தரிக் கன்றைத் தண்டு மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டுப் போயின. அன்றிலிருந்து செல்வரட்ணத்தார் ஒரு பால்மாத் தகர ரின்னின் மூடியில் ஆணியால் பதினொரு துளை போட்டு, உப்பு நிரப்பி, குடையைப் போலக் கையோடு கொண்டு திரிந்தார்.

ஐப்பசி முதல் மழை பெய்து ஓய்ந்த விடியல், வரம்பிலே ஒரு நத்தை. நல்ல கபில நிறம், சுருள் சுருளாக வரி, தலைவரையே எதிர்பார்த்து நின்றதுபோல இரண்டு கொம்பையும் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் ரின்னைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. மழை ஈரத்துக்கு உப்புக் கட்டிப்பட்டிருந்தது. குலுக்கினார், தட்டினார், முழங்காலில் அடித்தார். கடைசியில் மூடி கழன்று விழுந்து நத்தையின் ஓட்டு விளிம்பில் பட்டது. ஒரு துண்டு உடைந்து போனது. நத்தை உள்ளே போய்விட்டது.

நியாயப்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். உப்புக் கட்டியைக் கையால் உதிர்த்துப் போட எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஆனால் தலைமைப் பதவியில் இருக்கிறவருக்கு ஆராய்ச்சி என்றும் ஒரு பொறுப்பு உண்டு. இது எதை விரும்பித் தின்கிறது என்று கண்டுபிடித்தால் அதிலேயே மருந்து வைத்து ஊர் முழுக்க ஒழித்துவிடலாமே என்று அவருக்கு அந்த இடத்தில் ஒரு யோசனை வந்தது. ஆராய்ச்சி என்றால் இரண்டு நாள். நத்தையைக் கொண்டுபோய், யாரோ ஒருவரின் கலியாணத்தில் மிஞ்சிய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு, கிணற்றடித் தண்ணீர் மோட்டர் அறைக்குள் வைத்தார். மனைவி சிவகௌரிக்குச் சொல்லவில்லை. ஆராய்ச்சியை யாராவது மனைவிக்குச் சொல்லிக்கொண்டு செய்வார்களா?

முதல் நாள் கத்தரி இலை வைத்தார். தொடவில்லை. இவருடைய இரண்டு பாத்தியைத் தின்ற இனம், இவர் கையால் வைத்ததைத் தொடவில்லை. செல்வரட்ணத்தாருக்கு ரோசம் வந்துவிட்டது. கீரை, பப்பாசி இலை, பூசணித் துண்டு என்று வரிசையாக வைத்தார். மூன்றாம் நாள் வெள்ளரிக்காயை வட்டமாக வெட்டி வைத்ததும் கொம்பு ஒன்று வெளியே வந்தது. பிறகு மற்றது. பிறகு தலை, பிறகு முழு உடம்பும் மெழுகு உருகினாற்போல வழிந்து வந்து வெள்ளரிக்காயில் படுத்துக்கொண்டது.

அவர் காதைப் பெட்டியோடு வைத்தார். கறக், கறக், கறக் என்று சத்தம் கேட்டது.

அறுபத்துநாலு வயதில் ஒரு மனிதருக்கு மயிர்க்கூச்செறிய இனி என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்திருக்கலாம். செல்வரட்ணத்தார் மோட்டர் அறைக்குள் முழங்காலில் நின்று, மூச்சையும் அடக்கி, நத்தை சப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். தோட்டத்துக்குத் தண்ணீர் விட மறந்துபோனார். நல்லகாலம், மழை பெய்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு புதினம். தண்ணீர் தெளித்தால் எழும்புகிறது. இவருடைய புறங்கையில் ஏறி முழங்கை வரைக்கும் போய்த் திரும்புகிறது. தோல் சீவாத வெள்ளரிக்காயைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறது. ஆணோ பெண்ணோ என்று கைபேசியில் தேடியவருக்கு, இரண்டும்தான் என்று மறுமொழி வந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு, பெயர் வைக்கிற யோசனையைக் கைவிட்டு, பொதுவாகக் ‘குஞ்சு’ என்று கூப்பிட்டார்.

அதே கைபேசிதான் வில்லங்கத்தையும் கொண்டுவந்தது. உடைந்த ஓடு வளர வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சத்து வேண்டும், முட்டைக்கோதோ கணவாய் மீனின் ஓடோ வைக்கவும் என்று யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கென்ன, சொல்லுவாள். செல்வரட்ணத்தார் வீடு தலைமுறையாய்ச் சைவம். முட்டையை அங்கே பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, ‘மற்றது’ என்பார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு உடம்பைப் பொசுக்கும் என்பது அவருக்குத் தெரியும். நத்தை வராமல் பாத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பு போட்டவரே அவர்தான். மிஞ்சியது கணவாய் ஓடு.

எமில்ராஜ் நாவாந்துறையிலிருந்து மோட்டச்சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன். செல்வரட்ணத்தார் வீட்டடியில் அவன் ஹோர்ன் அடிப்பதில்லை. மணம் கூடத் தங்கக் கூடாது என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவான். அப்படிப் போனவனைத்தான் செல்வரட்ணத்தார் படலைக்கு வெளியே வந்து, கை காட்டி மறித்து, கணவாய் என்று தொடங்கி, மிச்சத்தை அவன் காதுக்குள் சொன்னார். அன்றைக்குக் கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். ஊரில் பாதிப் பேர் விரதம். மற்றப் பாதிப் பேர் றோட்டில் நின்றார்கள்.

எமில்ராஜ் கடதாசியில் சுற்றிக் கொடுத்ததை அவர் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால், பிறகு விசாரித்தவர்களுக்கெல்லாம் எமில்ராஜ், ஐயாவின் விஷயத்தை வெளியில் கதைக்கமாட்டேன் என்று நேர்மையாகச் சொன்னான். அதோடு ஊருக்குச் சந்தேகம் முற்றாகத் தீர்ந்துபோனது. கந்தசஷ்டிக்குள்ளே செல்வரட்ணத்தார் கணவாய்க் கறி.

சிவகௌரி இந்தச் செய்தியைக் கோயில் வீதியில் வைத்து, ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாய் இருக்கிற வயிற்றோடு, கேட்டாள். வீட்டுக்கு வந்து நேரே மோட்டர் அறைக் கதவைத் திறந்தாள். புருசன் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து வெள்ளரிக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளே நத்தை கணவாய் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு வெள்ளரிக்காயைப் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, கணவாயைத் திண்டிருந்தாலும் ஆருக்கும் சொல்லியிருக்கலாம்,” என்றாள் கடைசியில். “உந்த நத்தைக் கதையை எப்பிடிச் சொல்லுறது?”

“ஆராய்ச்சி,” என்றார் அவர்.

“முப்பத்தெட்டு வருசமாய் எனக்கு ஒரு வெள்ளரிக்காய் சீவித் தந்திருக்கிறியளே?”

செல்வரட்ணத்தார் யோசித்துப் பார்த்தார். இல்லை. அதனால் அவர் பேச்சை மேலே கொண்டுபோனார். முருகப்பெருமானே சூரனை ஒழிச்சுப்போட்டு, மயிலாயும் சேவலாயும் பக்கத்திலை வச்சுத்தானே பார்க்கிறார் என்றார். சிவகௌரி விரதத்தோடு சிரிக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வீட்டுக்குள் ஏறச் சொன்னாள். மற்ற நாள் மோட்டர் அறை வாசலில் ஒரு பிஞ்சு வெள்ளரிக்காய் இருந்தது. அதை அவர் வைக்கவில்லை.

ஊர்க்கதை மட்டும் நிற்கவில்லை. வாகீசன் வந்து, சனம் கண்டபடி கதைக்குது அண்ணை, ஒரு சொல் சொன்னீர்களென்றால் வாயை அடைத்துவிடுவேன் என்று பக்குவமாகக் கேட்டான். உண்மையைச் சொன்னால் விரதம் தப்பும், தலைமை போகும். சொல்லாவிட்டால் தலைமை தப்பும், விரதம் போகும். அதோடு, உண்மை வெளியே வந்தால் ஊர் முதலில் கேட்கிறது குஞ்சைத்தான். தலைவர் வீட்டிலேயே ஒரு நத்தை உயிரோடு இருக்க விடுவார்களா? “கதைக்கட்டும்,” என்றார் செல்வரட்ணத்தார். தன் வாழ்நாளில் ஒரு கதைக்கு அவர் கொடுத்த ஆகக் குறைந்த மறுமொழி அதுதான்.

இரண்டு கிழமையில் உடைந்த விளிம்பில் நகம்போல ஒரு வெள்ளைக் கோடு அரும்பியது. பிறகு அது விரல் அகலத்துக்கு வந்தது. பழைய கபில நிறத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று, புதுச் சீமெந்து பூசினாற்போல ஒரு பட்டி. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஓடினார், சிவகௌரியைக் கூப்பிட்டார், அவளும் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். மகன் கனடாவிலே வீடு வாங்கின செய்தி வந்த அன்றும் அந்த முற்றத்தில் இவ்வளவு ஓட்டம் இருக்கவில்லை.

கார்த்திகை முதற் சனிக்கிழமை நத்தை ஒழிப்புத் தினம். சனசமூக நிலைய முற்றத்தில் தண்ணீர் பிடிக்கிற நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒன்று, பக்கத்தில் ஒரு மூட்டை உப்பு, தலைவருக்கு ஒரு கதிரை. ஊர் முழுக்க விடியவே வேலி வேலியாகத் தேடி, பொறுக்கின நத்தையை உரப்பையில் கொண்டுவந்து பரலில் கொட்ட வேண்டும்; தலைவர் முதற் கைபிடி உப்புப் போட்டுத் தொடக்கி வைப்பார் என்பது ஏற்பாடு.

செல்வரட்ணத்தார் வெள்ளை வேட்டி கட்டி, புறப்படுமுன் குஞ்சைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மோட்டர் அறைக்குப் போனார். காற்றுப் படட்டும் என்று முந்தின நாள் மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்திருந்தார். பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. ஈரக்கோடு ஒன்று பெட்டியிலிருந்து இறங்கி, கதவுக்குக் கீழாலே, கிணற்றுக்கட்டைச் சுற்றி, நேரே வேலிக்குப் போயிருந்தது. வேலியோடு கோடு நின்றுவிட்டது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குரோட்டன் செடிக்குள்ளே புகுந்தார். சிவகௌரி கிணற்றடியிலே கல்லெல்லாம் புரட்டினாள். அரை மணித்தியாலம் தேடினார்கள். அதற்குள் வாகீசன் படலையில் வந்து நின்று, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம் அண்ணை என்றான். பிறகு சந்தோசமாக ஒன்று சொன்னான்.

“உங்கடை வேலிக்கரையிலையும் ஒண்டு நிண்டது. தலைவற்றை எண்ணிக்கை பூச்சியமாய் இருக்கக் கூடாதெண்டு நானே பொறுக்கிக்கொண்டு போய்ப் பரலிலை போட்டிட்டன்.”

செல்வரட்ணத்தார் அவனைக் கும்பிடவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவனுக்கு முன்னாலே நடந்தார். அப்படி அவர் நடந்து ஊர் பார்த்ததில்லை.

பரலில் முக்கால்வாசிக்கு நத்தை. எண்ணூற்றுப் பன்னிரண்டு என்று வாகீசன் அறிவித்தான், கைதட்டினார்கள். எமில்ராஜும் மோட்டச்சைக்கிளை றோட்டோரம் நிற்பாட்டிவிட்டுப் புதினம் பார்க்க வந்திருந்தான். ஒலிவாங்கியை நீட்டினார்கள். இன்றைக்குத்தான் அது தேவைப்பட்டது, ஏனென்றால் செல்வரட்ணத்தாரின் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அவர் பேசமாட்டார் என்று தெரிந்ததும், மூட்டையின் வாயை அவிழ்த்து அவர் கைக்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.

அவர் ஒரு கைபிடி உப்பை அள்ளினார். பரலுக்கு மேலே கையை நீட்டினார். எண்ணூற்றுப் பன்னிரண்டும் ஒரே நிறம், ஒரே சுருள், ஒரே சேறு. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரலை விரித்தால் போதும். கணவாய்க் கதைகூட அன்றோடு மறந்துபோகும்.

அவர் உப்பை மூட்டைக்குள்ளேயே திரும்பப் போட்டார். சட்டையில் கையை நன்றாகத் துடைத்து, இரண்டாந்தரமும் துடைத்தார். பிறகு சட்டைக் கையைத் தோள்மட்டும் மடித்து, பரலுக்குள்ளே கையை விட்டார்.

ஒன்றை எடுத்தார், விளிம்பைப் பார்த்தார், நிலத்தில் வைத்தார். மற்றதை எடுத்தார், பார்த்தார், வைத்தார்.

“அண்ணை, என்ன தேடுறியள்?” என்றான் வாகீசன்.

அவர் அடுத்ததை எடுத்தார். பத்து, இருபது, நாற்பது. பின்வரிசையில் யாரோ ஏதோ கேட்க, எமில்ராஜ் மெல்லிய குரலில், இனி மறைச்சு என்ன, ஐயா வாங்கினது கணவாயின்ரை ஓடு மட்டும்தான் என்று சொல்வது கேட்டது. அந்தச் செய்தி வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. சிரிக்கத் தொடங்கினவர்கள் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். செல்வரட்ணத்தாரின் கை பரலின் அடிமட்டும் போயிருந்தது. கன்னம் பரலின் விளிம்போடு ஒட்டியிருந்தது.

அவருடைய கை நின்றது. விரலால் எதையோ தடவினார், பிறகு திரும்பவும் தடவினார்.

எடுத்தபோது அது முழுக்கச் சேறாய் இருந்தது. சால்வைத் தலைப்பால் துடைக்க, ஓட்டின் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டி தெரிந்தது. தலைவருக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, உள்ளங்கையில் இரண்டு துளி விட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. கனநேரத்துக்குப் பிறகு ஒரு கொம்பு வெளியே வந்தது. பிறகு மற்றது.

செல்வரட்ணத்தார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, அதன் முகத்தைப் பார்த்தார்.